ஹைதராபாத் அளந்து வைத்த வானம்

ஹைதராபாத் பேகம்பேட்டையில் பொருளாதார, சமூக ஆய்வுகளுக்கான மையம் ஒன்று இருக்கிறது. அதன் அஞ்சல் முகவரியில் இன்றைக்கும் 'நிஜாமியா அப்சர்வேட்டரி வளாகம்' என்று போட்டிருக்கும். கடிதம் கொண்டுவருகிறவருக்கோ வாங்குகிறவருக்கோ அந்தப் பெயரால் ஒரு காரியமும் இல்லை. ஆனால் இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் கையில் நெடுங்காலம் இருந்த வானாய்வகம் எது என்று கேட்டால் நான் சொல்வது இதைத்தான். உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் நிஜாமியா வானாய்வகம்.

நம் பக்கத்தில் வானியல் என்று பேச்செடுத்தால் கொடைக்கானல், காவலூர் இரண்டோடு பேச்சு முடிந்துவிடும். பெருமைப்பட வேண்டிய இடங்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் காவலூரை உருவாக்கிய மனிதர் சிறுவனாக வானம் பார்த்துப் பழகிய இடம் ஹைதராபாத் ஆய்வகம். அதோடு, 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் உலகமே சேர்ந்து செய்த ஒரு பெரிய வேலையில் இந்தியாவின் பங்கு என்று இருந்தது இந்த ஒரே ஆய்வகத்தின் பங்கு மட்டும்தான். அது தமிழில் பேசப்படுவதே இல்லை என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆரம்பித்தவர் நவாப் ஜாஃபர் ஜங். ஹைதராபாத் சமஸ்தானத்தில் செல்வாக்குள்ள பிரபு, வானியலில் தீராத ஆசை. ஐரோப்பாவில் செய்த இரண்டு கருவிகளை அவர் தன் சொந்தப் பணத்தில் வாங்கினார். ஒன்று, டப்ளினில் கிரப் நிறுவனம் செய்த 15 அங்குல லென்ஸ் தொலைநோக்கி. மற்றொன்று, யார்க் நகரத்துக் குக் நிறுவனம் செய்த 8 அங்குல அஸ்ட்ரோகிராஃப், அதாவது கண்ணால் பார்ப்பதற்கு என்றில்லாமல் நட்சத்திரங்களைப் படம் எடுப்பதற்கென்றே வடிவமைத்த தொலைநோக்கி. 1901-ல் பிசல்பண்டாவில் இருந்த தன் இடத்தில் ஆய்வகத்தைத் தொடங்கி, அதற்கு நிஜாமின் பெயரை வைத்துக்கொள்ள அனுமதியும் கேட்டு வாங்கினார். தன் காலத்துக்குப் பிறகு அரசு இதை ஏற்று நடத்த வேண்டும் என்பது அவர் விருப்பம். 1907-ல் அவர் இறந்தார். 1908-ல் நிஜாம் அரசு ஆய்வகத்தை எடுத்துக்கொண்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பூனாவைப் பார்க்க வேண்டும். அங்கேயும் ஒரு கல்லூரி வானாய்வகம் இருந்தது. 1880-களின் கடைசியில் பவநகர் மகாராஜா தக்தசிங்ஜியின் பண உதவியோடு அறிவியல் கல்லூரியில் பேராசிரியர் நேகம்வாலா அமைத்தது. அதில் லென்ஸுக்குப் பதில் குழியாடி வைத்த 20 அங்குலத் தொலைநோக்கி, அதுவும் கிரப் செய்ததுதான். அந்தக் காலத்து இந்தியாவில் அதைவிடப் பெரிய தொலைநோக்கி வேறெங்கும் கிடையாது. நேகம்வாலா திறமையானவர், நிறமாலை ஆய்வில் தேர்ந்தவர், 1898 சூரிய கிரகணத்துக்குத் தனிக் குழுவே நடத்தினார். ஆனால் ஆய்வகம் அவர் ஒருவரை நம்பியே இருந்தது. 1912-ல் அவர் ஓய்வு பெற்றதும் அதை மூடிவிட்டார்கள், கருவிகள் கொடைக்கானலுக்குப் போய்ச் சேர்ந்தன. 20-25 வருட உழைப்பு அவ்வளவுதான்.

ஹைதராபாத்துக்கும் அதே கதி வந்திருக்கலாம். அங்கேயும் ஆரம்பித்தவர் போய்விட்டார், கருவிகள் பெட்டியில் கிடந்தன. வரவில்லை என்றால் அதற்குக் காரணம் அங்கே இருந்த தொலைநோக்கிகள் கிடையாது என்பது என் எண்ணம். ஆய்வகம் வெளியுலகத்துக்கு ஒரு வேலையை முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. யார் இயக்குநராக இருந்தாலும், யார் போனாலும் வந்தாலும், அந்த வேலை பாக்கி நின்றுகொண்டே இருந்தது.

அது என்ன வேலை என்று சொல்கிறேன். 1887 ஏப்ரலில் பாரிஸ் வானாய்வகத்தின் இயக்குநர் மூஷே உலகத்து வானியலாளர்களை அழைத்து ஒரு மாநாடு கூட்டினார். புகைப்படக் கலை அப்போதுதான் வானத்துக்கு வந்திருந்தது. ஹென்றி சகோதரர்கள் பாரிஸில் எடுத்த படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு துணிச்சல் வந்தது: வானம் முழுவதையும் படம் எடுத்துவிடலாம், எடுத்த படத்தில் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் அளந்து எண்ணாக மாற்றிப் பட்டியல் போட்டுவிடலாம். வானத்தைக் குறுக்குவாட்டில் பட்டைபட்டையாகப் பிரித்து ஆய்வகங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். கிரீனிச், வத்திக்கான், பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்டு, கேப், சிட்னி, மெல்போர்ன் என்று ஆளுக்கு ஒரு பட்டை. சுமார் 11-ஆம் ஒளித்தரம் வரையுள்ள நட்சத்திரங்கள் அத்தனையும் பட்டியலில் வர வேண்டும், அதாவது வெறும் கண்ணுக்குத் தெரிகிறதைவிட நூறு மடங்கு மங்கலானவை வரைக்கும். பத்துப் பதினைந்து வருடத்தில் முடித்துவிடலாம் என்று நம்பினார்கள். கடைசிப் பகுதி வெளிவந்தது 1964-ல்.

இந்தப் பங்கீட்டில் வான நடுவரைக்கு, அதாவது பூமத்திய ரேகையை அப்படியே வானத்துக்கு நீட்டினால் வருகிற கோட்டுக்கு, தெற்கே 17 முதல் 23 பாகை வரையுள்ள பட்டை சிலி நாட்டின் சாண்டியாகோவுக்குப் போயிருந்தது. அங்கே வேலை நடக்கவில்லை. அந்தப் பட்டையைத்தான் ஹைதராபாத் ஏற்றுக்கொண்டது.

இதை ஏதோ மிச்சம் மீதியைத் தள்ளிவிட்டார்கள் என்று நினைக்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இடப் பொருத்தம் புரியும். ஹைதராபாத் 17.4 பாகை வடக்கு. தெற்கு 20-ஆம் பாகையில் இருக்கிற ஒரு நட்சத்திரம் உச்சத்துக்கு வரும்போது ஹைதராபாத்திலிருந்து பார்க்க அடிவானத்துக்கு மேலே 52 பாகைக்கும் அதிக உயரத்தில் நிற்கும். அதே நட்சத்திரம் பாரிஸில் சுமார் 21 பாகை உயரம்தான் எட்டும், ஆக்ஸ்ஃபோர்டில் இன்னும் கீழே. அவ்வளவு தாழ்வில் காற்று மண்டலத்தின் கனம் நட்சத்திரத்தை அசைத்து, இடம் மாற்றிக் காட்டும்; அதில் நுட்பமான அளவை நம்ப முடியாது. ஹைதராபாத்தின் பட்டையில் என்னென்ன வருகிறது என்று பாருங்கள்: பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த அனுஷத்தின் நட்சத்திரங்களில் இரண்டு அதற்குள் விழுகின்றன. அஸ்தத்தின் ஒரு பகுதி, முயல் மண்டலத்தின் முக்கியமான நட்சத்திரங்கள், சிரியஸுக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிற அழகான எம்41 கொத்து எல்லாம் அதில்தான். நம் ஊர்க் கூரையிலிருந்து வசதியாகப் பார்க்கிற வானம்.

அரசு நியமித்த முதல் இயக்குநர் ஆர்தர் சாட்வுட். ஆய்வகத்தைப் பேகம்பேட்டைக்கு மாற்றி, அஸ்ட்ரோகிராஃபை நிறுத்தி, வேலைக்கு ஆயத்தம் செய்வதிலேயே அவர் காலம் போனது. 1914-ல் ராபர்ட் போகாக் வந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் டர்னரிடம் பழகியவர். நட்சத்திரங்களைப் படம் பிடித்த கண்ணாடித் தட்டுகளை வேகமாகவும் சிக்கனமாகவும் அளப்பதற்கு வழி கண்டவர் டர்னர். அந்தக் கைப்பழக்கம் போகாக்கோடு ஹைதராபாத்துக்கு வந்தது, வேலை சூடுபிடித்தது. ஆனால் 1918-ல் போகாக் இறந்துவிட்டார். அவருக்குப் பின் பொறுப்புக்கு வந்தவர் டி.பி. பாஸ்கரன். 1944 வரை, கால் நூற்றாண்டு, அவர்தான் நடத்தினார். தெற்குப் பட்டையின் படங்கள் 1914-லிருந்து 1929 வரை எடுக்கப்பட்டன. அதில் பெரும்பகுதி பாஸ்கரன் காலத்து வேலை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நான் இந்த வரலாற்றில் மனதைப் பறிகொடுத்த இடமே இதுதான்.

உள்ளங்கையைவிடப் பெரிய ஒரு கண்ணாடித் தட்டு, 16 செ.மீ. சதுரம். ஒரு பக்கம் ஜெலட்டினில் வெள்ளி உப்பு கலந்த பூச்சு. அதை அஸ்ட்ரோகிராஃபின் பின்னால் பொருத்தி, வானத்தின் ஒரு சின்னத் துண்டை, 2 பாகைக்கு 2 பாகை, படம் எடுக்க வேண்டும். பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகரும், அதற்கு ஈடாகக் கடிகார இயந்திரம் தொலைநோக்கியைத் திருப்பும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. பக்கத்தில் ஒட்டிய வழிகாட்டிக் குழாயில் ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக் கம்பியில் பிடித்து வைத்து, அது நகர நகரத் திருகைத் திருப்பிக்கொண்டே ஒருவர் கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும். பட்டியலுக்கான தட்டுகளில் பொதுவாக மூன்று முறை ஒளி விழச் செய்வார்கள், நீளமாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, சில நொடிகளே ஒன்று, ஒவ்வொன்றுக்கும் இடையில் தொலைநோக்கியைத் துளி நகர்த்தி. அப்படிச் செய்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் தட்டில் மூன்று புள்ளியாக விழும். ஒற்றைப் புள்ளி தெரிந்தால் அது தூசி, நட்சத்திரமில்லை. நீண்ட படத்தில் ஊதிப்போன பிரகாசமான நட்சத்திரத்தைக் குறுகிய படத்தில் அளந்துகொள்ளலாம்.

அப்புறம் கட்டம். வேறொரு கண்ணாடியில் 5 மி.மீ. இடைவெளியில் மிக நேர்த்தியாகக் கோடு கிழித்து வைத்திருப்பார்கள். தட்டைக் கழுவுவதற்கு முன் இந்தக் கோடுகளின் நிழலையும் அதே தட்டில் பதிப்பார்கள். எதற்கு என்றால், கழுவும்போது ஜெலட்டின் ஊறும், காயும்போது சுருங்கும், அங்கங்கே இழுபடும். இழுபட்டால் நட்சத்திரமும் கட்டமும் சேர்ந்தே இழுபடும். அதனால் நட்சத்திரத்தின் இடத்தைத் தட்டின் ஓரத்திலிருந்து அளக்காமல் பக்கத்துக் கோட்டிலிருந்து அளந்தால் பிழை தானாகவே விலகிவிடும். வெயில் கொளுத்துகிற ஊரில் இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று இருட்டறையில் கழுவிப் பழகியவர்களுக்குப் புரியும்.

தட்டைக் கழுவிக் காய வைத்தால் கண்ணாடியில் கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளிகள். அதை நுண்ணோக்கி பொருத்திய அளவுக் கருவியில் வைத்து, ஒவ்வொரு கட்டமாக, ஒவ்வொரு புள்ளியாக, கிடையாக எவ்வளவு, செங்குத்தாக எவ்வளவு என்று ஒருவர் படிப்பார், எழுதுவார்கள். பிறகு தட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்து முழுவதையும் மறுபடி அளப்பது வழக்கம். ஒவ்வொருவர் கண்ணுக்கும் புள்ளியின் நடு எது என்பதில் ஒரு சாய்வு இருக்கும்; திருப்பி அளந்து சராசரி எடுத்தால் அந்தச் சாய்வு அடிபட்டுப் போகும்.

எவ்வளவு நுட்பம் தேவைப்பட்டது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. இந்தத் திட்டத்தின் எல்லாத் தொலைநோக்கிகளும் தட்டில் 1 மி.மீ.க்கு 1 கலை வருகிற மாதிரி ஒரே அளவில் திட்டமிடப்பட்டவை. பிழை 0.3 விகலை அளவுக்குள் இருக்க வேண்டுமென்றால் தட்டில் அது 1 மி.மீ.யில் 200-ல் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அந்த நுட்பத்தில் ஒரு புள்ளியை அளப்பது பெரிய விஷயமில்லை. ஹைதராபாத்தின் தெற்குப் பட்டைக்கு 1260 தட்டுகள். 2 பாகை இடைவெளியில் வானத்தை ஒரு சுற்றுச் சுற்ற 180 தட்டு, அப்படி 7 வரிசை. தட்டுகளின் நடுப்புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள்; ஒரு தட்டின் மூலை அடுத்த வரிசைத் தட்டின் நடுவில் வரும், ஆகவே ஒவ்வொரு நட்சத்திரமும் குறைந்தது இரண்டு தட்டில் விழும். அந்தப் பட்டையில் மட்டும் கிட்டத்தட்ட 3 லட்சம் நட்சத்திரங்கள். இரண்டு தட்டு, இரண்டு அச்சு என்று குறைத்துப் போட்டாலே 12 லட்சம் அளவுகள். திருப்பி அளந்ததைச் சேர்த்தால் இருமடங்கு. எல்லாம் கண்ணும் கையும் பேனாவும்தான்.

அது முடிந்ததும் ஓய்ந்தார்களா என்றால் இல்லை. ஜெர்மனியின் பாட்ஸ்டாம் தன் வடக்குப் பட்டையை முடிக்காமல் விட்டிருந்தது. அதை மூன்றாகப் பிரித்தபோது வடக்கு 36 முதல் 39 பாகை வரை ஹைதராபாத் வாங்கிக்கொண்டது, மற்றதை ஆக்ஸ்ஃபோர்டும் பெல்ஜியத்தின் உக்கிளும் எடுத்துக்கொண்டன. 1928-லிருந்து 1938 வரை அந்தப் படங்கள். அபிஜித் என்று நாம் சொல்லும் வேகா அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. பெரிய பெரிய நாடுகள் கைவிட்ட இரண்டு துண்டு வானத்தை ஒரு சமஸ்தானத்து ஆய்வகம் எடுத்து முடித்துக் கொடுத்தது என்பதை நான் யாரிடம் சொன்னாலும் முதலில் நம்ப மறுக்கிறார்கள்.

இதற்கிடையில் 1919-ல் ஆய்வகம் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. பல்கலைக்கழகமே அப்போது ஒரு வயதுக் குழந்தை, உருதுவைப் பயிற்று மொழியாக வைத்துத் தொடங்கிய துணிச்சலான முயற்சி. ஜாஃபர் ஜங் வாங்கி வைத்த 15 அங்குலத் தொலைநோக்கி 1922-ல்தான் நிறுத்தப்பட்டது. வாங்கியவர் இறந்து 15 வருடத்துக்கு அப்புறம். ஒளி கூடிக் குறைகிற மாறொளி நட்சத்திரங்கள், நிலா நட்சத்திரங்களை மறைக்கிற நேரங்கள் என்று அதில் தனி வேலைகள் நடந்தன.

சரி, இந்தப் பட்டியலால் என்ன பிரயோசனம்? இந்தக் கேள்வியை அப்போதே பலர் கேட்டார்கள். மற்ற நாடுகளின் ஆய்வகங்கள் நட்சத்திரங்களின் நிறமாலையைப் பிரித்து அவை எதனால் ஆனவை என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தத் திட்டத்தில் மாட்டிக்கொண்ட ஆய்வகங்கள் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தன. பிரான்ஸின் வானியல் இதனால் பின்தங்கியது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள், அதில் உண்மை இருக்கிறது. அச்சான தொகுதிகளிலும் நட்சத்திரத்தின் வான ஆயத்தொலைவுகள் இருக்காது, தட்டில் அளந்த மில்லிமீட்டர் எண்கள்தான் பக்கம் பக்கமாக இருக்கும். வேண்டியவர்கள் கணக்குப் போட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். யாரும் அதிகம் மாற்றவில்லை. பல பத்தாண்டுகள் அந்தத் தொகுதிகள் நூலக அலமாரியில் தூங்கின.

எழுப்பியது ஒரு செயற்கைக்கோள். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 1989-ல் அனுப்பிய ஹிப்பார்க்கஸ் 1993 வரை நட்சத்திரங்களின் இடத்தை அதுவரை இல்லாத நுட்பத்தில் அளந்தது. ஆனால் ஒரு நட்சத்திரம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று தெரிய இரண்டு இடங்கள் வேண்டும், இடையில் நீண்ட காலமும் வேண்டும். செயற்கைக்கோளின் ஆயுள் நாலு வருடம். பிரதானப் பட்டியலுக்கு வெளியே மேலோட்டமாக அளந்த லட்சக்கணக்கான நட்சத்திரங்களுக்கு அந்த நாலு வருட இடைவெளி போதவில்லை. அப்போதுதான் பழைய தட்டு அளவுகளின் மேல் கண் போனது. மாஸ்கோவில் உட்கார்ந்து அச்சுத் தொகுதிகளின் எண்களைக் கணினியில் ஏற்றினார்கள். அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தில் எல்லாத் தட்டுகளையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்து 46 லட்சம் நட்சத்திரங்களின் பட்டியலை 1997-ல் வெளியிட்டார்கள். ஹைதராபாத்தின் இரண்டு பட்டைகளும் அதில் அடக்கம்.

இப்போது பழைய கணக்குக்கு வருவோம். ஹைதராபாத் தட்டின் பிழை 0.3 விகலை என்று வைத்துக்கொண்டால், இன்றைய தரத்தில் அது படுமோசம். ஆனால் 1920 வாக்கில் எடுத்த தட்டுக்கும் 1991-க்கும் இடையில் 70 வருடம். பிழையை 70-ஆல் வகுத்தால் நகர்வின் வேகத்தில் வருகிற பிழை வருடத்துக்கு 0.004 விகலைக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். காலம் பிழையைத் தின்றுவிடுகிறது. இரண்டு மூன்று தட்டுகளையும் வேறு பழைய பட்டியல்களையும் சேர்த்தால் இன்னும் குறையும். இப்படித்தான் 2000-ல் டைக்கோ-2 என்ற பட்டியல் 25 லட்சம் நட்சத்திரங்களின் நகர்வோடு வந்தது. பேகம்பேட்டையில் நுண்ணோக்கியில் குனிந்து அளந்தவர்களில் யாரும் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு தனிமனிதரின் ஆர்வத்தால் இது நடந்திருக்காது. மாணவர், ஆசிரியர், ஊழியர் என்று ஆள் மாறி மாறி வந்தாலும் வேலை மாறாத இடத்தில்தான் இது நடக்கும். பல்கலைக்கழகம் எதற்கு வானாய்வகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இந்த 70 வருட இடைவெளிதான்.

ஆய்வகம் இன்னொன்றும் கொடுத்தது, அதைத் திட்டம் போட்டு யாரும் கொடுக்கவில்லை. தலைச்சேரியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் தலைவர் நிஜாமியாவில் வானியலாளராக வேலை பார்த்தார். அவருடைய ஒரே மகன் 1927-ல் சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தான். அப்பாவோடு ஆய்வகத்துக்குப் போய்ப் போய்த் தொலைநோக்கி அவனுக்கு வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிட்டது. கல்லூரியில் படிக்கும்போதே மாறொளி நட்சத்திரங்களைக் கவனித்து எழுதத் தொடங்கினான். பெயர் வைணு பாப்பு.

ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்த சில மாதங்களிலேயே, 1949-ல், தான் எடுத்த ஒரு புகைப்படத் தட்டில் புதிய வால்நட்சத்திரத்தைப் பார்த்தார் பாப்பு. பேராசிரியர் பார்ட் போக், சக மாணவர் கோர்டன் நியூகர்க் இருவரும் சேர்ந்து சரிபார்க்க, மூவர் பெயரும் அதற்கு வைக்கப்பட்டது. நட்சத்திரத் தட்டில் எது பழையது, எது இருக்கக் கூடாதது என்று பார்க்கிற கண் ஒரே நாளில் வருவதில்லை. 1957-ல் ஆலின் வில்சனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட முடிவு இன்றும் வில்சன்-பாப்பு விளைவு என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது: குளிர்ந்த நட்சத்திரங்களின் நிறமாலையில் கால்சியத்தின் ஒரு குறிப்பிட்ட ஒளிர்கோட்டின் அகலத்தை அளந்தால் அந்த நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசம் தெரிந்துவிடும், அதிலிருந்து தூரமும். 1960-ல் கொடைக்கானல், அங்கிருந்து ஜவ்வாது மலையில் காவலூர், 1979-ல் அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் தலைவர் பதவி. 1982-ல் 55 வயதில் இறந்துபோனார். அவர் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் இயங்கத் தொடங்கி அவர் பெயரைப் பெற்றது. வாணியம்பாடி வழியாகப் போகிறவர்கள் காவலூர் மலையைக் காட்டிப் பெருமையாகச் சொல்லும்போது, அந்தக் கதையின் முதல் அத்தியாயம் பேகம்பேட்டை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஆய்வகத்தைப் பேகம்பேட்டையில் வைத்துக்கொண்டு இனி காலம் தள்ள முடியாது என்பது தெரிந்துவிட்டது. பக்கத்திலேயே விமான நிலையம், சுற்றிலும் வளர்கிற நகரம், தெருவிளக்கு. பாஸ்கரனுக்குப் பின் வந்த அக்பர் அலி 48 அங்குலத் தொலைநோக்கி ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். 1959-ல் பல்கலைக்கழகத்தில் வானியல் துறை தனியாகவே தொடங்கியது, 1964-ல் அது உயர் ஆய்வு மையமானது. ஹைதராபாத்திலிருந்து 50 கி.மீ.க்குச் சற்று அதிகத் தொலைவில் ஜபால், ரங்காபூர் என்ற கிராமங்களை ஒட்டி ஒரு குன்றைத் தேர்ந்தெடுத்து 1968-ல் தொலைநோக்கியை நிறுத்தினார்கள். கே.டி. அப்யங்கர் அப்போது தலைமையில் இருந்தார். காவலூரின் பெரிய தொலைநோக்கி வரும்வரை இந்தியாவிலேயே பெரியது இந்த ரங்காபூர்க் கருவிதான்.

அங்கே அவர்கள் தேர்ந்தெடுத்த ஆராய்ச்சி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரங்கள். கண்ணுக்கு ஒற்றைப் புள்ளி, உண்மையில் இரண்டு. ஒன்று மற்றொன்றின் முன்னால் வரும்போது மொத்த ஒளி குறையும். இரவு முழுவதும் ஒளிமின் மானியில் அந்த ஒளியைப் பதிவுசெய்து, பல இரவுகளைச் சேர்த்து வளைகோடு வரைந்தால், எங்கேயோ இருக்கிற இரண்டு சூரியன்களின் குறுக்களவு வெளியே வரும், நிறமாலையும் கிடைத்தால் நிறையும் வரும். உலகத்திலேயே பெரிய கருவி இதற்குத் தேவையில்லை. தேவை, வரிசையாக நிறைய இரவுகளும், தூங்காமல் உட்கார ஒரு ஆராய்ச்சி மாணவரும். பல்கலைக்கழகத்தில் இரண்டும் உண்டு. இங்கே பட்டம் வாங்கியவர்கள் நாட்டின் மற்ற ஆய்வகங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தார்கள்.

1980 பிப்ரவரி 16-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தின் பாதை ரங்காபூர் மேலேயே போனது. உள்நாட்டு, வெளிநாட்டு விஞ்ஞானிகள் அந்தக் குன்றில் கூடினார்கள். நாட்டின் பெரும்பாலான வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த பிற்பகல் அது. ஒரு பல்கலைக்கழகத்தின் சொந்த வாசலுக்கே முழு கிரகணம் வந்தது அபூர்வமான அதிர்ஷ்டம்.

அப்புறம் கதை மெதுவாக இறங்குகிறது. நகரம் ரங்காபூர் பக்கமும் வெளிச்சத்தை அனுப்பியது, கருவிக்கு வயதாகியது, பராமரிப்புக்குப் பணமும் ஆளும் குறைந்தன, தொலைநோக்கி நீண்ட காலம் பயன்பாடின்றிக் கிடந்தது. பேகம்பேட்டையின் பழைய குவிமாடக் கட்டடம் வேலையில்லாமல் நிற்கிறது. இதில் யாரையும் குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை. நகரத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பல்கலைக்கழக வானாய்வகங்களுக்கு உலகமெங்கும் நேர்ந்தது இதுதான். ஆனால் கட்டடம் போனால் போகட்டும் என்று சொல்கிற மாதிரி, தட்டுகள் போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்றைக்கு கையா செயற்கைக்கோள் 100 கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் நகர்வைத் தானே அளந்துவிட்டது, இனிப் பழைய கண்ணாடி எதற்கு என்று கேட்கலாம். கையாவால் அளக்க முடிந்தது அது பறந்த பத்துச் சொச்சம் வருட நகர்வை மட்டும்தான். ஒரு நட்சத்திரத்துக்கு நூறு, இருநூறு வருடத்தில் சுற்றிவருகிற மங்கலான துணை ஒன்று இருந்தால், அது நட்சத்திரத்தை மெல்ல இழுத்து அதன் பாதையை வளைக்கும். அந்த வளைவு பத்து வருடத்தில் நேர்கோடாகவே தெரியும், நூறு வருடப் பதிவோடு ஒப்பிட்டால்தான் வளைவு என்று தெரியும். அதோடு அச்சுத் தொகுதிகளில் ஏறியது புள்ளியின் இடமும் உத்தேசமான பருமனும்தான். தட்டில் அன்றிரவு அந்த நட்சத்திரம் எவ்வளவு பிரகாசமாக இருந்தது என்ற தகவல் கறுப்பின் அடர்த்தியாக இருக்கிறது. எந்தச் செயற்கைக்கோளும் 1920-க்குத் திரும்பிப் போய் அதை அளந்து தராது. ஹார்வர்டில் இதைப் புரிந்துகொண்டு, தங்களிடம் உள்ள 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளில் பெரும்பகுதியைத் தனியாக ஒரு வருடி இயந்திரமே செய்து கணினியில் ஏற்றிவிட்டார்கள். நூறு வருடமாக ஒளி மெல்லக் கூடிய, குறைந்த நட்சத்திரங்கள் அதிலிருந்து கிடைத்துக்கொண்டிருக்கின்றன.

ஹைதராபாத் தட்டுகள் எண்ணிக்கையில் அதற்குப் பக்கத்தில் வராது, ஆயிரக்கணக்கில்தான். ஆனால் எண்ணிக்கை குறைவு என்பது இங்கே வசதி. நட்சத்திரத்தின் இடத்தை மைக்ரான், அதாவது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நுட்பத்தில் எடுக்க விசேஷ இயந்திரம் வேண்டும், அது செலவு பிடிக்கும். ஒளியின் அளவை மட்டும் எடுக்க, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சீரான வெளிச்சம் தருகிற பெட்டியும் நல்ல கேமராவும் போதும். பல நாடுகளில் மாணவர்கள் இப்படிச் செய்திருக்கிறார்கள். தட்டின் உறையில் எழுதிய தேதியையும் நேரத்தையும் முதலில் படியெடுக்க வேண்டும், கண்ணாடி உடைந்தாலும் பிழைக்கும், குறிப்பு தொலைந்தால் அந்தத் தட்டு எந்த இரவைச் சொல்கிறது என்றே தெரியாமல் போகும். பூச்சுப் பக்கத்தைத் தொடாமல் கண்ணாடிப் பக்கத்தை மட்டும் துடைக்க வேண்டும். அனுஷம் இருக்கிற தட்டுகளிலிருந்து தொடங்கலாம் என்பது என் யோசனை. விருச்சிகத்தின் அந்தப் பகுதியில் இளம் நட்சத்திரங்கள் ஏராளம், அவற்றின் ஒளி நிலையாக நிற்பதில்லை, 1914-க்கும் 1929-க்கும் இடையில் அவை என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்க வானியலாளர்கள் இப்போதே தயாராக இருக்கிறார்கள்.